ஊட்டிய கையும் ஊரார் தீர்ப்பும்

2017ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியா நகரைச் சேர்ந்த 36 வயதுப் பெண்மணி ஒருவர், சாதாரணப் பிரயாணிகள் விமானத்தில் இடங்கொள்ள இயலாத சரீர ஸ்திதியில் இருந்த காரணத்தால், அதற்கென்றே மாற்றியமைக்கப்பெற்ற சரக்கு விமானமொன்றில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய எடை ஏறக்குறைய 500 கிலோ என்று சொன்னார்கள். விமானத்திலிருந்து லாரிக்கு மாற்றி, பின்னர் கிரேனால் படுக்கையோடு தூக்கி, அவருக்காகவே அமைக்கப்பட்ட அறையொன்றில் சேர்ப்பிக்கும்வரை நிகழ்ந்ததையெல்லாம் தொலைக்காட்சிக்காரர்கள் படமெடுத்து உலகத்துக்குக் காட்டினார்கள். பார்த்த ஜனங்களில் இரக்கப்பட்டவர்கள் உண்டு, ஆயினும் இரக்கத்தோடு கூடவே, பல இடங்களில் இரக்கத்துக்கு முன்னாலேயே, ஒரு கேள்வி எழுந்தது: "எழுந்து நடமாட முடியாத ஒருவர் தாமாகக் கடைக்குப் போய் வாங்கித் தின்றிருக்க முடியாது, அப்படியானால் இவ்வளவையும் ஊட்டியது யார்? இந்த அளவுக்கு முற்றும்வரை வீட்டார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"

கேட்கத் தகாத கேள்வி என்று இதை நான் தள்ளமாட்டேன். குடும்பம் என்ற ஒன்று இருக்கும்வரையில் அதற்குப் பொறுப்பு என்ற ஒன்றும் இருக்கத்தான் வேண்டும். ஆனால், இந்தக் கேள்வி பெரும்பாலும் தீர்ப்பை முன்பே எழுதிவைத்துக்கொண்டு கேட்கப்படுகிறது. அந்தத் தீர்ப்பு எத்தனை வீடுகளின் விஷயத்தில் பிழைபட்டது என்பதை, கடந்த முப்பது வருஷங்களில் வைத்திய சாஸ்திரம் கண்டறிந்து சொன்னவற்றைக் கொண்டு எடுத்துரைப்பது அவசியம் என்று எண்ணுகிறேன்.

அலெக்ஸாந்திரியாப் பெண்மணி குழந்தைப் பிராயத்திலேயே அளவு மீறிப் பருக்கத் தொடங்கியவர். பள்ளிக்கூடப் படிப்பைச் சிறு வயதிலேயே நிறுத்தியவர். இருபது வருஷங்களுக்கு மேலாக வீட்டு வாசலைத் தாண்டாதவர். போதாக்குறைக்குப் பக்கவாதமும் கண்டு பேச்சும் அசைவும் குன்றியவர். அத்தனை காலமும் அவரைக் குளிப்பாட்டியும் புரட்டிப் படுக்கவைத்தும் பராமரித்தவர்கள் தாயும் சகோதரியும். உதவி வேண்டி உலகத்தார் முன்னிலையில் முறையிட்டவரும் அந்தச் சகோதரியே. மும்பை வைத்தியர்கள் மரபணுச் சோதனை செய்வித்தபோது, லெப்டின் என்னும் ஹார்மோனின் செய்தியை மூளையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பியை ஆக்குகிற மரபணுவில் பிழை இருப்பதாகத் தெரியவந்தது. அதாவது, அந்தப் பசி பிறவியிலேயே கூட வந்த பசி. ஏப்ரல் மாதத்தில், எடை பாதிக்கும் மேலாகக் குறைந்துவிட்டது என்று மருத்துவமனை அறிவிக்க, அதைச் சகோதரி மறுத்துப் பேச, அதுவரை அவரைப் போற்றிய பொதுஜன அபிப்பிராயம் ஒரே வாரத்தில் நன்றி கெட்டவர் என்று தூற்றத் தலைப்பட்டது. மே மாதத்தில் நோயாளி அபுதாபிக்கு மாற்றப்பட்டு, செப்டம்பர் 25ஆம் தேதி, 37ஆம் வயதில், அங்கேயே காலமானார். லெப்டின் ஏற்பிக் கோளாறுக்கு உரிய செட்மெலனோடைட் என்ற மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது 2020ஆம் வருஷம் நவம்பரில்.

பொதுஜனங்களின் பழி இவ்விஷயத்தில் இரண்டு படிகளில் இயங்குவதைக் காண்கிறோம். தடித்தவர் நடந்து திரியக்கூடியவராக இருக்கும்வரை, குற்றம் அவருடையது: அடக்கமில்லை, சோம்பல், நாவின் ருசிக்கு அடிமை. அவர் படுத்த படுக்கையாகிவிட்டாலோ, அன்றி விவரமறியாக் குழந்தையாக இருந்தாலோ, அதே குற்றம் பெயர்ந்து தாயின் தலைமேல் ஏறுகிறது. தகப்பனைப் பற்றி அவ்வளவாக எவரும் விசாரிப்பதில்லை.

இந்த மனப்பான்மை எவ்வளவு இளம் வயதிலேயே வேர்விட்டுவிடுகிறது என்பதற்கு அமெரிக்காவில் 1961இல் வெளியான ஓர் ஆராய்ச்சி சாட்சி. பத்து, பதினொரு வயதுள்ள 640 பிள்ளைகளிடம் ஆறு சித்திரங்களைக் கொடுத்து, இவர்களில் உனக்கு மிகவும் பிடித்தவர் யார், அடுத்தவர் யார் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஊன்றுகோல் ஊன்றிய குழந்தை, சக்கர நாற்காலியில் அமர்ந்த குழந்தை, ஒரு கை இல்லாத குழந்தை, முகம் விகாரப்பட்ட குழந்தை, ஸ்தூல சரீரமுள்ள குழந்தை, யாதொரு குறையுமில்லாத குழந்தை என்று அறுவர். ஸ்தூலக் குழந்தைதான் கடைசியில் நின்றது. நாற்பது வருஷங்களுக்குப் பின்னர், 2003இல், அதே சோதனையை மறுபடி செய்து வெளியிட்டபோதும் கடைசி இடம் மாறவில்லை. வெறுப்பின் அளவுதான் முன்னிலும் கூடியிருந்தது. இவ்வளவுக்கும் இடைக்காலத்தில் தடித்த பிள்ளைகளின் தொகை அந்நாட்டில் பன்மடங்கு பெருகியிருந்தது. எங்கும் காண்பதால் மனிதர்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போய் வெறுப்பு தணியும் என்ற எண்ணம் இங்கே பலிக்கவில்லை. மற்றக் குறைகளெல்லாம் விதியால் வந்தவை என்றும், இது ஒன்று மட்டும் தானாகத் தேடிக்கொண்டது என்றும் பிள்ளைகள் நம்பினார்கள் போலும். அந்த நம்பிக்கையைப் பெரியவர்களிடமிருந்துதான் கற்றிருக்கவேண்டும்.

நம்பிக்கை உண்மைதானா என்று பார்க்கப் புகுந்தால், ஓர் எலியிலிருந்து ஆரம்பிக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மேய்ன் மாகாணத்திலுள்ள ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் 1949இல், மற்ற எலிகளைப்போல இரண்டு மூன்று மடங்கு பருத்து, ஓயாமல் தின்றுகொண்டேயிருந்த எலி வம்சமொன்றைக் கண்டார்கள். அதன் மூலகாரணம் வெளிப்பட நாற்பத்தைந்து வருஷங்கள் பிடித்தன. 1994இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர், பழுதுபட்ட அந்த மரபணுவைக் கண்டுபிடித்தனர். கொழுப்புத் திசு தானே ஒரு ஹார்மோனைச் சுரந்து, ரத்தத்தின் வழியாக மூளைக்கு அனுப்பி, 'சேமிப்பு இவ்வளவு இருக்கிறது' என்று தெரிவித்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. அதற்கே லெப்டின் என்று பெயர். களஞ்சியத்தில் நெல் குவிந்து கிடந்தாலும் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இருப்பு ஒன்றுமில்லை என்றே எழுதியிருந்தால், எஜமான் பஞ்சம் வந்துவிட்டதாகப் பதறி மேலும் மேலும் கொள்முதல் செய்வானல்லவா? லெப்டின் சுரக்காத உடம்பில் மூளையின் நிலையும் அதுவே.

மனிதர்களிடத்திலும் இந்தப் பழுது உண்டு என்பதை 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஸ்டீபன் ஓ'ராஹில்லியும் சதாஃப் ஃபாரூக்கியும் அவர்களுள் முக்கியமானவர்கள். அவர்கள் பரிசோதித்தவர்கள், பாகிஸ்தானிய வம்சத்தில் பிறந்து, ஒருவருக்கொருவர் உறவினரான இரண்டு குழந்தைகள். பெண்ணுக்கு எட்டு வயது, எடை 86 கிலோ. பையனுக்கு இரண்டு வயது, எடை 29 கிலோ. இருவரும் பிறந்தபோது சாதாரண எடையோடு பிறந்தவர்களே. இத்தகைய குழந்தைகள் உணவு மறுக்கப்பட்டால் அழுது ஆர்ப்பரிப்பதும், குப்பைத்தொட்டியில் போட்டதை எடுத்துத் தின்பதும், குளிர்பதனப் பெட்டியிலிருந்து வேகாத பண்டத்தை அப்படியே வாயில் இடுவதும் உண்டு. அக்கம்பக்கத்தார் கண்ணுக்கு அதில் தெரிவது வளர்க்கத் தெரியாத தாயும் செல்லங்கொடுத்துக் கெடுத்த பிள்ளையும்தான்.

பெண் குழந்தைக்கு லெப்டினை ஊசிமூலம் தினந்தோறும் செலுத்தி, ஒரு வருஷத்துச் சிகிச்சையின் பலனை 1999இல் பிரசுரித்தார்கள். வளர்கிற பிராயத்தில் ஏறியிருக்கவேண்டிய எடை, ஏறாததோடு 16 கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. இறங்கியதில் பெரும்பங்கு கொழுப்பே. சிகிச்சை பெற்ற மற்றொரு சிறுவனிடம், ஒரு வேளை உணவை வேண்டுமட்டும் உண்ணவிட்டு அளந்தார்கள். ஊசிக்கு முன் 1100 கலோரிக்கு மேல் உண்டவன், ஊசிக்குப் பின் 180 கலோரியோடு போதுமென்று எழுந்துவிட்டான். அவனுடைய சகோதரர்கள் உண்ணும் அளவு அது. வீடு மாறவில்லை, தாய் மாறவில்லை, அவள் கற்ற சமையலும் மாறவில்லை. இல்லாதிருந்த ஒரு ஹார்மோன் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அதற்குமுன் அந்தத் தாய்மார்கள் எத்தனை பேரிடம் எத்தனை உபதேசங்கள் கேட்டிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

உபதேசத்தோடு நின்றிருந்தாலாவது ஒருவாறு சகிக்கலாம். அதே கேம்பிரிட்ஜ் குழுவினர், சிறு வயதிலேயே மிதமிஞ்சிப் பருத்த 300 குழந்தைகளை ஆராய்ந்து, சிலருக்குப் பதினாறாவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாதிருப்பதைக் கண்டு 2009 டிசம்பரில் வெளியிட்டனர். அவ்வாறு கண்டறியப்பட்டவர்களுள் சில குழந்தைகளின் பெயர்கள், பெற்றோர் வேண்டுமென்றே அளவுக்கு மீறி ஊட்டுகிறார்கள் என்ற அனுமானத்தின் பேரில், ஆபத்திலிருக்கும் குழந்தைகளுக்கென்று சமூகநலத் துறையார் வைத்திருக்கும் பதிவேட்டில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தன. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோர் பக்கத்தில் வைத்து எண்ணப்பட்ட அந்தப் பெற்றோர், ஒரு சோதனைக்கூடத்து முடிவு வந்த பிறகே அந்தப் பட்டியலினின்றும் விடுபட்டார்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுவது நியாயமே. 'இவை அபூர்வமான வியாதிகள். ஊரிலுள்ள தடித்தவர்களுக்கெல்லாம் மரபணுப் பிழை என்று சொல்லிவிட முடியுமா?' என்று கேட்கலாம். முடியாதுதான். லெப்டின் அறவே இல்லாதவர்கள் உலகத்தில் மிகச் சிலர். ஒற்றை மரபணுக் கோளாறுகளுள் அதிகமாகக் காணப்படுகிற எம்.சி.4.ஆர். என்ற மரபணுவின் பழுதும், குழந்தைப் பருவத்திலேயே மிதமிஞ்சிப் பருத்தவர்களுள் நூற்றுக்கு ஐந்து பேர் வரையிலேதான் காணப்படுகிறது. எஞ்சியவர்களிடம் ஒரு பெரும் பிழைக்குப் பதிலாக, நூற்றுக்கணக்கான சிறு சிறு மரபணு வேறுபாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க வைத்தியர் ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட முடிவு, குடும்பத்தைப் பழிப்போர் ஊன்றிப் படிக்கவேண்டியது. அவர்களுடைய சரீர வாகு, பெற்றவர்களை ஒத்திருந்ததேயொழிய, சோறிட்டு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. ஆயினும், மரபு மட்டுமே முழுக் காரணமுமாகாது. மனித இனத்தின் மரபணுக்கள் ஐம்பது வருஷங்களில் மாறிவிடவில்லை. மாறியவை உணவும், உழைப்பும், உறக்கமும், கடைவீதியும். கொழுத்த உணவு மலிந்த உலகத்தில், மரபினாலேயே பசி மிகுந்தவன்தான் முதலில் அகப்படுகிறான்.

அகப்பட்டவன் மீள்வது ஏன் அரிதாயிருக்கிறது என்பதற்கும் சரீரத்தினுள்ளேயே காரணம் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைகுறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு, கடும் பட்டினியாலும் தேகப் பயிற்சியாலும் பெரும் எடையைக் கரைத்த 14 பேரை, ஆறு வருஷங்கள் கழித்துக் கெவின் ஹால் என்பவர் பரிசோதித்து 2016இல் எழுதினார். பெரும்பாலோர் இழந்த எடையில் மிகுதியைத் திரும்பப் பெற்றுவிட்டனர். அதைவிட வியப்பு, ஓய்ந்திருக்கையில் அவர்கள் சரீரம் எரிக்கவேண்டிய சக்தியில் தினமும் 500 கலோரி அளவுக்குக் குறைவாகவே அப்போதும் எரித்துக்கொண்டிருந்ததுதான். ஆறு வருஷங்களுக்குப் பின்னும் உடம்பு அந்தப் பட்டினியை மறக்கவில்லை. இப்படிப்பட்ட எதிரியோடு போராடித் தோற்பவனை மனவுறுதியற்றவன் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சட்டமும் இவ்விஷயத்தில் தடுமாறியே வந்திருக்கிறது. 2000ஆம் வருஷம் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றை, பருமனைக் காரணம் காட்டிப் பெற்றோரிடமிருந்து அரசாங்கத்தார் பிரித்தனர். பின்னர் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தனர். 2011இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வைத்தியர் டேவிட் லட்விக்கும் அவருடைய சகா ஒருவரும், உயிருக்கே ஆபத்தான மிகச் சில சந்தர்ப்பங்களில் குழந்தையைத் தற்காலிகமாக வேறிடத்தில் வளர்ப்பது நியாயமாகலாம் என்று எழுதியபோது பெரும் விவாதம் மூண்டது. 2021இல் வெளியான தீர்ப்பொன்றில், இங்கிலாந்தின் வெஸ்ட் ஸஸெக்ஸில் மிகவும் பருத்த இரண்டு இளவயதினரைப் பெற்றோரிடமிருந்து விலக்கிப் பிறர் பராமரிப்பில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்புள்ள குடும்பந்தான் என்பதை நீதிபதியும் ஒப்புக்கொண்டார். அங்கே உள்ளூராட்சியார் முன்னதாக உடற்பயிற்சிக் கூடத்துச் சந்தாவும், நடையை அளக்கும் கைக்கடிகாரமும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கொடுத்தது தவறில்லை. ஆனால், வியாதியென்று வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட ஒன்றுக்குக் கைக்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு, குணமாகவில்லையென்று பிள்ளையைப் பிரிப்பது எனக்குச் சம்மதமான நீதியாகத் தோன்றவில்லை.

குடும்பத்தின் கடமை மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் வீடுகள் எவை என்று கேட்டால், பிராடர்-வில்லி நோயுள்ள குழந்தைகளின் வீடுகளைச் சொல்வேன். 1956இல் ஸ்விட்ஸர்லாந்து வைத்தியர்கள் விவரித்த இந்நோயில், பிறக்கும்போது துவண்டு, பால் உறிஞ்சவும் வலுவின்றி இருக்கும் சிசு, சில வருஷங்களில் ஒருபோதும் அடங்காத பசியுள்ள குழந்தையாகிவிடுகிறது. பெற்றோர் சமையலறைக்கும் உணவு அலமாரிக்கும் பூட்டுப் போடுகிறார்கள். விருந்தாளியாக வந்தவர் அந்தப் பூட்டைக் கண்டு, 'பெற்ற பிள்ளைக்குச் சோற்றைப் பூட்டிவைக்கிறாளே' என்று வைவதும் உண்டு. ஊட்டினாலும் பழி; பூட்டினாலும் பழி.

வயது வந்து படுக்கையில் வீழ்ந்தவர்களின் வீடு இன்னும் சிக்கலானது. 2012 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 600 பவுண்டு எடையுள்ளவர்களின் வாழ்க்கையைக் காட்டும் தொடரொன்று நடந்துவருகிறது. அதில் தட்டு நிறைய உணவைக் கொண்டுவந்து வைக்கும் தாயையோ மனைவியையோ கணவனையோ கண்டு ரசிகர்கள் கொதிக்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தெரிந்தும் கொடுப்பது தீங்குதான். ஆனால், கெஞ்சியும் அழுதும் சினந்தும் உணவு கேட்கிற ஒருவரோடு நாள் முழுவதும் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவர், அவருடைய புண்களைக் கழுவுகிறவர், துணி மாற்றுகிறவர், தம் வேலையையும் உறக்கத்தையும் விட்டவர், ஒரு தட்டைக் கொடுத்து ஒரு மணி நேரத்து அமைதியை வாங்குகிறார் என்றால், அவரிடம் சட்டப் புத்தகத்தை நீட்டுவதற்கு முன் ஒரு வைத்தியரையும் ஒரு மாற்று ஆளையும் அனுப்புவதே முறை. அன்றியும், தீங்கு எப்போதும் சோற்றுத் தட்டிலிருந்தே வருவதில்லை. 1980களில் கலிபோர்னியாவின் ஸான் டியாகோவில் எடைகுறைப்புச் சிகிச்சை நடத்திய வின்ஸென்ட் ஃபெலிட்டி, நன்றாக இளைத்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று சிகிச்சையை விட்டுவிடுவதைக் கண்டு, அவர்களை ஒவ்வொருவராக விசாரித்தபோது, அவர்களுள் பலர் குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று அறிந்து திகைத்தார். பருமனே தங்களுக்குக் காப்பு என்று அவர்களில் சிலர் உணர்ந்திருந்தார்கள். வீட்டின் பொறுப்பை விசாரிக்க வேண்டுமானால், இந்த விசாரணையும் அதில் அடங்கும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இவையெல்லாம் தூரதேசத்து விஷயங்களல்ல. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் பி.எம்.ஐ. 25ஐ எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவதே இந்தக் குறியீடு. அது 40ஐ எட்டுவதையே மிதமிஞ்சிய பருமன் என்கிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 102 கிலோவுக்கு மேல். கைக்குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் கொண்டாடுகிற சுற்றத்தார்தாமே, அதே பிள்ளை பன்னிரண்டு வயதில் பருத்திருந்தால் பந்தியில் வைத்து, "போதும் போதும், இலையை மூடு, உன்னை எவன் கட்டிப்பான்?" என்கிறார்கள். சொல்லால் இளைத்த குழந்தை எதுவுமில்லை. மறைவில் தின்னக் கற்ற குழந்தைகள் பல உண்டு.

நம்மிடம் உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் உண்டாகையால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். லெப்டின் குறைபாடுபோன்ற கோளாறுகள், பழுதான மரபணுவைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றால்தான் வெளிப்படும். இருவரும் ஒரே பாட்டனார் வழியில் வந்தவர்களாயின், இருவரிடமும் அதே பழுது ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். அவ்வாறு இருவரிடமும் இருக்குமாயின், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். இதைச் சொல்வது மாமன் மகளை மணந்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அன்று. அந்த வீட்டில் ஒரு குழந்தை அடங்காத பசியோடு வளர்ந்தால், அதட்டுவதை நிறுத்திச் சோதிக்கவேண்டும் என்பதற்காக.

அமெரிக்காவிலுள்ள என்டோக்ரைன் சொஸைட்டி 2017இல் வெளியிட்ட நெறிமுறை, ஐந்து வயதுக்கு முன்பே மிதமிஞ்சிய பருமன் தொடங்கி, அத்துடன் தணியாத பசியோ, குடும்பத்தில் வேறொருவருக்கு அத்தகைய பருமனோ காணப்படும் குழந்தைகளுக்கு மரபணுச் சோதனையை யோசிக்கச் சொல்கிறது. வெறும் மிகை உணவால் பருத்த குழந்தை, தன் வயதுக்கு உயரமாகவே வளர்வது வழக்கம். பருமனோடு வளர்த்தியும் குன்றியிருக்குமாயின் தைராய்டு முதலிய சுரப்பிகளைப் பரிசோதிக்கவேண்டும். பெரியவர்களுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சையும், பசியைத் தணிக்கும் ஊசி மருந்துகளும் இப்போது நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. பி.எம்.ஐ. 40ஐ எட்டியவர்களும், 35ஐ எட்டிக் கடுமையான துணைநோய்கள் உள்ளவர்களும் வைத்தியரின் பரிந்துரையின்பேரில் செய்துகொள்ளும் அறுவைச் சிகிச்சை, இந்தியக் காப்பீட்டு விதிகளின் பொது விலக்கில் அடங்குவதில்லை; இதை அறியாமலே கைவிட்டவர்கள் உண்டு. குழந்தையை அழைத்துச் செல்வோர், பிறந்தது முதல் எடையும் உயரமும் குறித்துவைத்த அட்டையைக் கையோடு கொண்டுபோவது நல்லது. எந்த மாதத்தில் எடை ஏறத் தொடங்கியது என்பது வைத்தியருக்கு மிகவும் வேண்டிய விவரம்.